சச்சி மாருவின் இடப்பக்க இன்ஜின்

இக்குனோவுக்கு ஐம்பத்தொன்பது வயது. எங்கள் குஸேஜிமா தீவில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் அவள் புருஷனைப் பற்றித்தான் சொல்வார்கள். "யோசாஜி பொண்டாட்டிதானே? அடேயப்பா, யோசாஜி பிடிக்காத சங்கராவா!" என்று ஆரம்பித்து, அவர் தூண்டிலில் ஏறிய மீன் எவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்கள். சொல்லச் சொல்லக் கை இன்னும் கொஞ்சம் விரியும். அந்த நேரத்தில் படகை யார் பிடித்து நிறுத்தினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை.

நிறுத்தியவள் இக்குனோ. எங்கள் கடலில் தீவுக்கும் தீவுக்கும் நடுவே தண்ணீர் வெள்ளம் வந்த ஆறு மாதிரி ஓடும். சங்கரா பதுங்கும் பாறைக்கு மேலே படகு ஒரு முழம் நகர்ந்தால் போதும், தூண்டில் வேறெங்கோ இறங்கிவிடும். நங்கூரம் போட்டால் மீன் கலைந்துவிடும். அதனால் போவதற்கும் வருவதற்கும்தான் இன்ஜின். பாறைக்கு மேலே வந்ததும் அதை அணைத்துவிட்டு, மனைவி படகின் பின்பக்கம் நின்று நீளத் துடுப்பை விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண் தண்ணீரைப் பார்க்கக் கூடாது, கரையைப் பார்க்க வேண்டும். மலை மேலிருக்கும் ஒற்றைப் பைன் மரமும் அதன் கீழே பள்ளிக்கூடக் கூரையும் ஒரே கோட்டில் நின்றால் படகு இடத்தில் இருக்கிறது. மரம் கூரையை விட்டு விலகினால் படகு நகர்கிறது. இருபத்தாறு வருஷம் யோசாஜி மீனைப் பார்த்தார், இக்குனோ மலையைப் பார்த்தாள். பெயர் அவருக்குப் போனது, தோள்வலி இவளுக்கு வந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன் யோசாஜிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. அவர்கள் படகான சச்சி மாருவைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஊரெல்லாம் வெள்ளை வெளேரென்று ஃபைபர் படகு வாங்கிவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் பூனை குட்டி போட்டது. இக்குனோ நண்டு கம்பெனியில் ஓடு உரிக்கப் போனாள்.

அப்போதுதான் முறை வந்தது.

எங்கள் ஊர்க் கோயில் சாமி வருஷத்துக்கொரு நாள், ஆடி மாத வாக்கில், எதிரே உள்ள குட்டித்தீவுக்குக் கடல்வழி போய்வரும். சாமியின் பல்லக்கு ஏறும் படகுக்கு இன்ஜின் கிடையாது. அதை இன்னொரு படகு கயிறு கட்டி இழுக்க வேண்டும். இழுக்கும் உரிமை இருபத்துநாலு வீட்டுக்கு, வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். வீட்டுக்காரனின் சொந்தப் படகாக இருக்க வேண்டும். இரவல் செல்லாது. அந்த வருஷம் படகு இல்லையென்றால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வர இன்னும் இருபத்துநாலு வருஷம்.

போன முறை வந்தபோது இக்குனோவுக்கு முப்பத்தைந்து. ஆசை ஆசையாக இரண்டு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தாள். திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமனார் கண்ணை மூடினார். துக்க வீடு சாமியை இழுக்கக் கூடாது. இக்குனோ மாமனாருக்காக அழுதாள். அதில் பாதி அழுகை கயிற்றுக்காக என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"இந்தத் தடவை விட்டா எனக்கு எம்பத்துமூணு வயசு ஆயிருக்கும்," என்றாள் யோசாஜியிடம்.

"உனக்கென்னடி, எம்பத்துமூணுலயும் நீ இப்படியேதான் கத்திக்கிட்டு இருப்ப. நான்தான் இருக்க மாட்டேன். விட்டுத்தொலை. அடுத்த வீடு குவாஜி வீடு. அவன்கிட்ட புதுப் படகு இருக்கு, ஆசையும் இருக்கு."

"ஆசை எனக்கும் இருக்கு," என்று சொல்லிவிட்டு, போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டாள்.

படகைப் பார்த்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். பலகை காய்ந்து சுருங்கி, இடுக்கு வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. பழைய இன்ஜின் துருப்பிடித்து ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. யோசாஜிக்குத் தம்பி முறையான, இக்குனோவை அக்கா என்றே கூப்பிடும் டெங்கிச்சியைக் கூட்டி வந்தாள். அவன் பயணிப் படகுகளில் முப்பத்துநாலு வருஷம் இன்ஜின் பார்த்தவன். அதை ஒருநாளும் மறக்கவிட மாட்டான்.

"முப்பத்துநாலு வருஷம் இன்ஜினோட குடித்தனம் பண்ணவன் சொல்றேன் அக்கா," என்று தொடங்கி, பழைய இன்ஜினைத் தட்டிப் பார்த்தான். "இதை எடுத்து ஊறுகாய்க்கு மேல பாரமா வைக்கலாம். வேற எதுக்கும் ஆகாது."

"வேற இன்ஜின் பிடி."

"பலகை?"

"பலகை என் பாடு."

ஐந்து வாரம் அந்தக் கடற்கரையில் சுத்தியல் சத்தம் ஓயவில்லை. கம்பெனியில் காலை வேலை முடிந்து வந்ததும் இக்குனோ படகுக்கு அடியில் புகுந்துவிடுவாள். மரப்பட்டை நாரைக் கயிறாக முறுக்கி, பலகை இடுக்கில் வைத்து, மழுங்கிய உளியால் உள்ளே அடித்துக்கொண்டே போவாள். அடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். திருப்தி இல்லையென்றால் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி. யோசாஜி மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தார். ஒரு உளியைக்கூடத் தொட்டதில்லை, ஆனால் அவரில்லாமல் வேலை நடக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்றுருண்டையும் பார்லித் தண்ணீரும். சாயங்காலம் வைக்கோல் கொளுத்தி அடிப்பலகையை வாட்டி, மரப்புழுவை விரட்டுவார்கள். இக்குனோ முகமெல்லாம் கரி. அந்த ஐந்து வாரத்தைப்போல அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

நடுவில் ஒருநாள், பாய்மரம் நடும் கட்டையைத் திறக்க வேண்டி வந்தது. அதற்குள்தான் படகின் உயிர் இருக்கும். படகு கட்டிய அன்று வைத்து மூடிய இரண்டு தாயக்கட்டை, காகிதப் பொம்மை, செப்புக்காசு, வீட்டுக்காரியின் ஒரு கற்றை முடி. முடி கருகருவென்று, நேற்று வெட்டியது மாதிரி இருந்தது.

டெங்கிச்சி எட்டிப் பார்த்தான். "யாரோடது அண்ணே இது?"

"என் பொண்டாட்டியோடது," என்றார் யோசாஜி. "நல்ல பொண்ணு. இந்தக் கிழவி வந்து சேர்றதுக்கு முன்னாடி இருந்தவ."

இக்குனோ உளியை ஓங்கினாள். அப்புறம் தன் நரைத்த தலையிலிருந்து ஒரு கற்றையை அறுத்து, தன் பழைய கறுப்பு முடியோடு சேர்த்து வைத்து மூடினாள். "இருங்க, ரெண்டு பேருமா சேர்ந்து உங்களைக் கவனிச்சுக்கறோம்," என்றாள்.

இன்ஜின் அக்கரையில் கிடைத்தது. துறைமுகத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த சின்னப் பயணிப் படகு ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து இறக்கிய இரண்டு டீசல் இன்ஜின்கள் கியரோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. வலப்பக்கத்து இன்ஜின் எண்ணெய் வழிந்து அசிங்கமாக இருந்தது. இடப்பக்கத்தது பளிச்சென்று இருந்தது.

"ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க அக்கா. பிடிச்சதைத் தூக்கிக்கங்க," என்றான் டெங்கிச்சி.

யார்தான் அழுக்குப் பிள்ளையைத் தூக்குவார்கள்? இக்குனோ பளிச்சென்று இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பு, ஏற்றத் தண்ணீரில் சச்சி மாருவை இறக்கினார்கள். முந்தைய மூன்று நாள் படகுக்குள் தண்ணீரை நிரப்பி வைத்ததில் பலகை ஊதி இடுக்கெல்லாம் மூடிக்கொண்டது. ஒரு சொட்டு கசியவில்லை. ஊரே கரையில் திரண்டிருந்தது. பெண்கள் எல்லோருக்கும் கொடுக்க அரிசிக் கொழுக்கட்டைத் தட்டோடு நின்றார்கள். குவாஜியும் வந்திருந்தார். முறை தவறினால் இழுக்கப் போவது அவர்தான், அதற்குக் கொடிகள்கூடத் தைத்து வைத்திருந்தார். ஆனாலும் மனிதர் மரியாதையாகக் கைதட்டினார்.

இன்ஜின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. டெங்கிச்சி தலையில் துணியை இறுக்கிக் கட்டினான். "முப்பத்துநாலு வருஷம்!" என்று கரையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு, கியரை முன்னே தள்ளினான்.

சச்சி மாரு பின்னே போனது.

கொஞ்சநஞ்சமாகப் போகவில்லை. கொழுக்கட்டைத் தட்டுகளைக் குறிவைத்த மாதிரி கரையைப் பார்த்து வந்தது. பெண்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். யோசாஜி "முன்னாடிடா! முன்னாடி!" என்று கத்த, டெங்கிச்சி கியரை இன்னும் பலமாக முன்னே அழுத்த, படகு இன்னும் வேகமாகப் பின்னே வந்தது. படகில் நின்ற இக்குனோ யோசிக்கவில்லை. பின்பக்கம் கிடந்த துடுப்பை எடுத்து முளையில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தாள். படகு கரைக்கு இரண்டு முழத்தில் வளைந்து, ஒருவரையும் தொடாமல், பின்பக்கமாகவே கடலுக்குள் போனது. ஊர் சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

டெங்கிச்சி மட்டும் சிரிக்கவில்லை. அன்று வீட்டுக்குள் போனவன் வெளியே வரவில்லை. மறுநாள் காலை இக்குனோ ஆக்டோபஸ் சோறு ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போனாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"அக்கா, இரட்டை இன்ஜின் படகுல ரெண்டும் ஒரே பக்கம் சுத்தாது. வலது இப்படிச் சுத்தினா இடது அப்படிச் சுத்தும். அப்பத்தான் படகு நேராப் போகும். சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். மறந்துட்டேன்."

"பளபளப்பைப் பார்த்துத் தூக்கினது நானு. எந்திரிச்சுச் சாப்பிடு. தண்ணிக்குள்ள சுத்தற விசிறியை மாத்தினா சரியாப் போகுமா?"

"போகும். நம்ம பழைய விசிறி வலது இன்ஜினுக்குத்தான் ஒத்துப்போகும், இதுக்கு எதிர்ப்பக்கம் முறுக்கின விசிறி வேணும். சொல்லி வார்த்து வாங்கப் பத்து நாள். வலது இன்ஜினைக் கொண்டாந்து பூட்டவும் மூணு நாள் பத்தாது."

"கியரைப் பின்னாடி போட்டா படகு முன்னாடி போகும்ல?"

"போகும். ஆனா பின் கியர் துறையில நிறுத்தறப்ப ஒரு நிமிஷம் போடறதுக்கு. சாமிப் படகைக் கட்டிக்கிட்டு அரை மணி நேரம் ஓட்டினா எரிஞ்சுடும். நேத்தே கொஞ்சம் போட்டுப் பார்த்தேன், புகை வந்துடுச்சு."

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. மத்தியானம் குவாஜி வாசலில் வந்து நின்றார். "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. எங்க படகு தயாரா இருக்கு. நீங்க சொன்னாத்தான்," என்றார்.

யோசாஜி தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்ல மனுஷன். சொல்லிடு," என்றார். எண்பத்துமூன்று என்ற எண் இக்குனோவின் கண் முன்னால் வந்து நின்றது. எழுந்து கடற்கரைக்குப் போனாள்.

சச்சி மாரு துறையில் ஆடிக்கொண்டிருந்தது. நேற்று கரையை விட்டு விலகிப் போன போக்கை நினைத்தாள். பின்பக்கமாகப் போனாலும் துடுப்பு சொன்னபடி கேட்டதே. ஒரு பிசகு இல்லையே. கோயில் படியை இரண்டு இரண்டாக ஏறினாள்.

பூசாரி ஹயாமி கொடிக்குச் சலவைக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்.

"பூசாரி ஐயா, சாமியை இழுக்கற படகு மூக்கு முன்னாடி வச்சுத்தான் போகணும்னு எழுதியிருக்கா?"

"என்னம்மா கேள்வி இது? படகு வேற எப்படிப் போகும்?"

"எழுதியிருக்கான்னு பாருங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பழைய ஏட்டை எடுத்துப் படித்தார். வீட்டின் சொந்தப் படகு. வீட்டாரின் கை. புறப்படும்போது இடதுபக்கமாக மூன்று சுற்று. போய்ச் சேர்ந்ததும், வழி நெடுக சாமிக்கு முதுகு காட்டி வந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"அந்தக் கடைசி வரியை இன்னொருதரம் படிங்க," என்றாள் இக்குனோ.

அவர் படித்தார்.

"முதுகு காட்டறது தப்புன்னு போட்டிருக்கு. காட்டாம வர்றது தப்புன்னு போடலையே? என் படகு பின்னாடிதான் போகும். கயிறை மூக்குல கட்டினா சாமியைப் பார்த்துக்கிட்டே போகும்."

பூசாரி ஏட்டை ஒருமுறை திருப்பிக்கூடப் பார்த்தார், பின்னால் ஏதாவது எழுதியிருக்குமோ என்று. "இடது பக்கம் மூணு சுத்துன்னா... யாரோட இடது? படகோட இடதா, சாமியோட இடதா?"

"நீங்க சொல்லுங்க."

"சாமியோட இடது," என்றார் பூசாரி. சொன்ன பிறகுதான் தான் சம்மதித்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

திருவிழா அன்று பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டைகள் வெளியே வந்தன. இக்குனோவுக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. யோசாஜிக்கு வயிற்றில் பொருந்தவில்லை, கயிறு கொண்டு கட்டினார்கள். அவரைத் தூக்கி மூக்கடியில் உட்கார வைத்தார்கள், கயிற்றைக் கவனிக்க. இன்ஜினுக்கு டெங்கிச்சி. பின்பக்கம் துடுப்போடு இக்குனோ. மூவரும் சாமியைப் பார்த்தபடி. போகும் திசைக்கு முதுகு.

"எங்க போறோம்னு யாருடி பார்க்கறது?" என்றார் யோசாஜி.

"நீங்க சாமியைப் பாருங்க. நான் மலையைப் பார்க்கறேன்."

முரசு அடித்தார்கள். டெங்கிச்சி கியரை முன்னே தள்ள, சச்சி மாரு பின்னே நகர, கயிறு நீரிலிருந்து எழுந்து விறைத்தது. சாமிப் படகு அசைந்தது. சாமியின் இடப்பக்கமாக மூன்று சுற்று. முதல் சுற்றில் கரையில் சிரித்தவர்கள் மூன்றாவது சுற்றில் வாயை மூடிக்கொண்டார்கள், ஏனென்றால் மூன்று வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே விழுந்தது. குவாஜி மட்டும் தன் வெள்ளைப் படகில் உதவிக்குப் பின்தொடர்ந்தார்.

நடுவழியில் நீரோட்டம் பிடித்தது. சாமிப் படகு கீழ்ப்பக்கமாக, சிப்பி வளர்க்கும் மூங்கில் மிதவைகளைப் பார்த்துச் சாய்ந்தது. பல்லக்கு ஆடியது. முரசு நின்றது. மலைமேல் பைன் மரம் பள்ளிக்கூடக் கூரையை விட்டு விலகுவதை இக்குனோ பார்த்தாள்.

"அக்கா, குறைக்கவா?" டெங்கிச்சி கியரை நோக்கிக் கையை நீட்டினான்.

"கை வைக்காதே! இதே வேகம்!"

அவள் இடது காலைப் பலகையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் துடுப்பில் கொடுத்தாள். இந்த இழுப்பு அவளுக்குப் புதிதில்லை. சங்கராப் பாறையில், இதே மரம், இதே கூரை, இருபத்தாறு வருஷம். தோள் எரிந்தது. மரம் ஒரு விரற்கடை திரும்பி வந்தது. இன்னும் ஒன்று. யோசாஜி மூச்சுவிடாமல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதவைகளுக்கு நாலு முழத்தில் சாமிப் படகு நிமிர்ந்தது. பைன் மரம் கூரைக்கு நேர் மேலே வந்து நின்றது. முரசு மறுபடி கிளம்பியது, இந்த முறை அடித்தவர்கள் வெறி பிடித்த மாதிரி அடித்தார்கள்.

கரையருகே சச்சி மாரு விலகிக் கயிற்றை விட்டதும், குட்டித்தீவு மணலில் சாமிப் படகு வழுக்கிப் போய் உட்கார்ந்தது. அங்கே முன்கூட்டியே வந்து காத்திருந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் மண்டியிட்டார்கள். பூசாரி காகிதத்தை விரித்து, வழக்கமான ராகத்தில் தொடங்கினார்: "வழி நெடுக உமக்கு முதுகு காட்டி வந்த பிழையை..."

நின்றுவிட்டார். காகிதத்தைப் பார்த்தார். கடலில் நிற்கும் சச்சி மாருவைப் பார்த்தார், அதன் மூக்கு இன்னும் சாமியைப் பார்த்துத்தான் இருந்தது. காகிதத்தை மடித்து அங்கிக்குள் சொருகிக்கொண்டு, சாமியைக் கும்பிட்டு, சாதாரணக் குரலில் சொன்னார்: "இந்த வருஷம் மன்னிப்புக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

யாரோ ஒருவர் கைதட்டினார். அது குவாஜி என்று பிறகு தெரிந்தது. அப்புறம் கரையே தட்டியது. "யோசாஜி! யோசாஜி!" என்று பழக்க தோஷத்தில் கத்தினார்கள். அந்த மனிதர் மூக்கடியில் தட்டுத் தடுமாறி எழுந்து நின்று, வயிற்றுக் கயிறு அவிழ, கையை நீட்டிப் படகின் பின்பக்கம் காட்டினார்.

"என்னை எதுக்குடா கூப்பிடறீங்க? படகைப் பிடிச்சவ அங்க நிக்கறா! இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்கும் அவதான் பிடிச்சா! நான் சும்மா தூண்டிலைத் தொங்கவிட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்!"

இக்குனோ மலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு முதல்முறையாக அவரைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்க அவள் முயலவில்லை.

சொல்லி வார்த்த விசிறி பத்தாவது நாள் வந்தது. அதைப் பூட்டியதும் சச்சி மாரு ஒழுங்குப் பிள்ளையாக முன்னே ஓடியது. மறுநாள் விடிந்ததும் இக்குனோவும் யோசாஜியும் சங்கராப் பாறைக்குப் போனார்கள். டெங்கிச்சி தானும் வருவேன் என்று ஏறிக்கொண்டான்.

அடுத்த வருஷம் முறை குவாஜி வீட்டுக்கு. சித்திரை மாதமே அவர் இக்குனோ வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, போன வருஷம் மன்னிப்புக் கேக்காம முடிஞ்சுது. இந்த வருஷம் நான் முதுகு காட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? எதிர்ப்பக்க விசிறி ஒண்ணு வார்த்து மாட்டி, பின்னாடியே போய்ப் பழகிப் பார்த்தேன். ரெண்டு தடவை சிப்பி மிதவையில ஏறிட்டேன்."

"எதைப் பார்த்துக்கிட்டு ஓட்டினீங்க?"

"தண்ணியைத்தான்."

யோசாஜி உள்ளேயிருந்து கடகடவென்று சிரித்தார். இக்குனோ கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

"வாங்க," என்றாள். "ஒரு மரம் காட்டறேன்."